பயிலரங்கா, கூட வரும் ஆளா, சக குழுவா? பகுதிப் புத்தாக்கப் பணியாளர்களுக்குப் பழகும் திறனை வளர்க்கும் வழிகள்

1985 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டட்லி தெருப் பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. தீ வைப்பிலும் புறக்கணிப்பிலும் வீடுகள் அழிந்து, வெற்று மனைகள் எல்லாம் வெளியார் குப்பை கொட்டும் இடமாகிப் போயிருந்த பகுதி அது. அதை மீட்டெடுக்க ஓர் அறக்கட்டளையும் சில சேவை நிறுவனங்களும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்திருந்தன. திட்டத்தை நடத்தும் குழுவில் யார் யார் இருப்பது என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்த மக்கள் திட்டத்தின் நுணுக்கங்களுக்குள் போகவில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

அந்த நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் தங்கள் நல்ல எண்ணத்தை விளக்கிவிட்டு, வரைபடத்தைக் காட்டிக் கூட்டத்தை எப்படியோ முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, நடத்தும் குழுவில் குடியிருப்பவர்களின் கை ஓங்கும்படி அமைப்பையே மாற்றி எழுதினார்கள். அப்படி உருவான அமைப்புக்குத்தான் 1988-ல், அந்தப் பகுதியின் வெற்று மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை பாஸ்டன் நகர நிர்வாகம் கொடுத்தது. குடியிருப்பவர்கள் நடத்தும் ஓர் அமைப்புக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடைப்பது மிக அரிது.

கோபமாக வரும் கேள்வியைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளாமல், அதில் இருக்கும் செய்தியைக் கேட்கத் தெரிவது, மக்களோடு பழகும் திறன்களில் ஒன்று. அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சிதைந்த குடியிருப்புகளையும் தொழில் கைவிட்டுப்போன ஊர்களையும், அங்கே வாழ்பவர்களோடு சேர்ந்து மீட்டெடுக்கும் பகுதிப் புத்தாக்க வேலையில் பல துறையினர் இருக்கிறார்கள். நகரத் திட்டமிடுபவர், வீட்டுவசதி அலுவலர், சமூகப் பணியாளர், கட்டடக் கலைஞர், கணக்கு பார்ப்பவர் என்று அந்தப் பட்டியல் நீளும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட அப்படி ஒரு குழுவுக்கு நீங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கான பயிற்சிப் பணம் கையில் இருக்கிறது. பணத்தைவிடக் குறைவாக இருப்பது நேரம். இரண்டையும் எதில் போடுவீர்கள்?

இந்தத் திறன்களின் பற்றாக்குறை புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நீடித்து நிற்கும் சமூகங்களை உருவாக்க என்னென்ன திறன் வேண்டும் என்று இங்கிலாந்தில் அரசு கேட்டு, சர் ஜான் ஏகன் தலைமையில் 2004-ல் ஓர் அறிக்கை வந்தது. தொழில்நுட்ப அறிவைக் காட்டிலும், எல்லாத் துறையினருக்கும் பொதுவான திறன்களில்தான் ஓட்டை பெரிதாக இருக்கிறது என்பது அதன் சாரம். பேசுவது, பிணக்கைத் தீர்ப்பது, பலதரப்பினரையும் சேர்த்து நடத்துவது, குழுவாக வேலை செய்வது போன்றவை அவை. அறிக்கையின் தொடர்ச்சியாக லீட்ஸ் நகரில் இதற்கென்றே ஓர் அகாடமியும் தொடங்கப்பட்டது. என்ன குறை என்பது அப்போதே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. எப்படி நிரப்புவது என்பதில்தான் இன்றும் பலர் தடுமாறுகிறார்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். மேல்படியில் மக்களின் கட்டுப்பாடு. கீழ்ப்படியில் வசப்படுத்தல், அதற்கு அடுத்த படி, மக்களை ஏதோ நோயாளிகள்போல ஆற்றுப்படுத்துவது. அவருடைய கணக்கில் இந்த இரண்டும் பங்கேற்பே கிடையாது. பழகும் திறன் நன்றாக வாய்த்த ஒருவர் ஏணியின் எந்தப் படியிலும் நின்று வேலை செய்ய முடியும் என்பதுதான் சிக்கல். முடிவு எல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது, மக்களிடம் போய்ப் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காகப் பயிற்சி வாங்கினால், நீங்கள் வாங்குவது இனிமையாக ஏமாற்றும் திறனை. அப்படிப்பட்ட நிலையில் பயிற்சிப் பணத்தைத் தொடாதீர்கள். மக்கள் உண்மையிலேயே மாற்றக்கூடிய முடிவுகள் எவை என்பதை மேலிடத்தில் பேசி வாங்கி வாருங்கள். அதற்குப் பிறகு பயிற்சியைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பயிலரங்கு. இரண்டு நாள், வெளியிலிருந்து வரும் பயிற்றுநர், சுவரில் ஒட்டும் காகிதங்கள், முடிவில் ஒரு கருத்துப் படிவம். அதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. குழு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கேட்பதில் பெரிய பயன் உண்டு. பொறியாளரும் சமூகப் பணியாளரும் "காது கொடுத்துக் கேட்பது" என்று சொல்லும்போது இருவர் மனதிலும் ஏறக்குறைய ஒரே படம் வருகிறது. பொதுவான சொற்கள் கிடைக்கின்றன. கேள்வி எல்லாம் அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான்.

இதைப் பக்கத்துத் துறை ஒன்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. மது, போதைப் பழக்கத்தில் இருப்பவர்களோடு பேசும் முறை ஒன்றை வில்லியம் மில்லர் 1980-களில் உருவாக்கினார். அறிவுரை சொல்லித் தள்ளாமல், எதிரே இருப்பவரின் சொந்தக் காரணங்களை அவர் வாயிலிருந்தே வரவைப்பது அதன் அடிப்படை. அதை நன்னடத்தை அலுவலர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரே ஒரு பயிலரங்கில் கற்றுக்கொடுத்து என்ன ஆனது என்று பார்த்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. கலந்துகொண்டவர்கள் நிறைய முன்னேறிவிட்டதாகத் தங்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது மாற்றம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். எதிரே இருந்தவர்களின் பதிலில் வித்தியாசம் தெரியும் அளவுக்கு அது போதவில்லை.

என்னை உறுத்துவது அந்த இடைவெளிதான். பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று டொனால்டு கர்க்பாட்ரிக் 1959-லேயே சொல்லிவிட்டார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா என்பவை அந்த நான்கு. பெரும்பாலான நிறுவனங்கள் பிடித்ததா என்ற முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. படிவத்தில் "மிக நன்று" என்று குறித்துவிட்டுப் போகிறவருக்குத் தனக்குத் தெரிந்துவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவு மேலே கற்பதை நிறுத்திவிடக்கூடும் என்பதே பயிலரங்கின் உண்மையான செலவு என்று நினைக்கிறேன். போகும் பணம் இரண்டாவதுதான்.

இணையவழிப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களில் சிதறியிருக்கும் குழுவுக்கும், புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்தில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளவும் உதவும். ஆனால் பழகும் திறன் எதிரே ஒரு மனிதர் இருக்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது. திரையில் நான்கு பதில்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், வாசலில் கதவை அறைந்து சாத்தும் ஒருவரிடம் என்ன சொல்வார் என்பதை அந்தப் பாடத்தால் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த வழியில் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறேன். களத்துக்குப் போகும்போது அனுபவமுள்ள ஒருவர் கூடவே போய், பார்த்து, அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசுவது. மில்லரின் குழு 2004-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. 140 பணியாளர்களைப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். சிலருக்குப் பயிலரங்கு மட்டும். சிலருக்கு அதோடு, அவர்கள் உண்மையில் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய மதிப்பீடு. சிலருக்குப் பயிலரங்குக்குப் பின் தொலைபேசி வழியாக ஒருவரின் தொடர் வழிகாட்டல். சிலருக்கு எல்லாமே. பயிற்சிக்குக் காத்திருப்பில் வைக்கப்பட்டவர்களிடம், தாங்களாகவே படித்துக்கொள்ளக் கையேடும் ஒளிப்பதிவுகளும் மட்டும் தரப்பட்டன. மதிப்பீடோ வழிகாட்டலோ கிடைத்தவர்கள் பயிலரங்கோடு நின்றவர்களைவிட மேலே போனார்கள். தானாகப் படித்தவர்களின் முன்னேற்றம் சிறிதே. இன்னொரு முடிவும் வந்தது: தன் திறனைப் பற்றி ஒருவர் சொன்னதற்கும், பதிவில் கேட்ட திறனுக்கும் தொடர்பே இல்லை. இது எல்லாத் துறைக்கும் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆளோடு ஆள் பேசும் வேலை என்ற வகையில் இது நம்முடையதற்கு மிக நெருக்கமானது.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி: "இன்று எதைக் கவனிக்கச் சொல்கிறாய்?" பணியாளரே ஒன்றைச் சொல்ல வேண்டும். "யாராவது கோபப்பட்டால் நான் உடனே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேனா என்று பாருங்கள்" என்பதுபோல. கூட்டத்தில் கூட வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் இருப்பதிலேயே கடினம். பின்னால் உட்கார்ந்து எண்ணக்கூடியவற்றை எண்ணலாம். நம் ஆள் எத்தனை நிமிடம் பேசினார், மக்கள் எத்தனை நிமிடம்? எத்தனை கேள்விகள் "ஆமாம், இல்லை" என்று முடிந்தன? கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? கடைசிவரை பேசாமலே போனவர்கள் யார்? திரும்பும்போது குறிப்பைக் காட்டினால் போதும். "நீ அவரை மூன்று தடவை இடைமறித்தாய்" என்பதற்கு மேல் விமர்சனமே தேவைப்படாது. தன் பேச்சை வெளியிலிருந்து பார்ப்பது யாருக்கும் அதிர்ச்சிதான். பெரும்பாலானவர்கள் அடுத்த கூட்டத்தில் தாங்களாகவே திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த வழியின் பலவீனங்களும் சிறியவை அல்ல. மூத்தவர்களின் நேரத்தைத் தின்னும். ஒருவருக்கு வருடத்தில் ஆறு தடவை என்றால் பன்னிரண்டு பேருக்கு எழுபத்திரண்டு பயணங்கள். போக வர, பேச என்று ஒவ்வொன்றும் அரை நாள். அப்புறம், கூட வருபவர் பதவி உயர்வை முடிவு செய்பவராகவும் இருந்தால் எல்லாம் கெட்டுவிடும். பணியாளர் மக்களுக்காகப் பேசுவதை விட்டுவிட்டு அவருக்காகப் பேசத் தொடங்குவார். வீட்டுக்குள் போய்ப் பேசும்போது இரண்டாவது ஆள் எதற்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால்தான் உள்ளே போக வேண்டும். மூத்தவரிடமே கெட்ட பழக்கங்கள் இருந்தால் அவையும் சேர்ந்து இறங்கும். அதனால் ஒரே மூத்தவரை நம்பாமல் ஆளை மாற்றி மாற்றி அனுப்புவது நல்லது. புதியவர் மூத்தவரைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் நாட்களும் வேண்டும். மூத்தவரின் தவறும் காகிதத்தில் ஏறுகிறது என்று தெரிந்தால் புதியவருக்குப் பயம் விலகும்.

நான்காவது, சக பணியாளர் குழு. செலவு மிகக் குறைவு. இரண்டு மரபுகள் இதற்கு அடித்தளம். ரெக் ரெவன்ஸ், இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டனில், நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒருவர் பிரச்சினையை மற்றவர்கள் கேள்விகளால் துலக்கும்படி செய்தார். ஏட்டு அறிவும் கேள்வி கேட்கும் கூர்மையும் சேர்ந்ததே கற்றல் என்பது அவர் வாதம். மைக்கேல் பாலிண்ட் 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களைத் தொடர்ந்து கூட்டி, மனதை அலைக்கழித்த நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். அங்கே கவனம் நோயின் மீது இல்லை, மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே என்ன நடந்தது என்பதன் மீது. நம் வேலைக்கு இரண்டாவது மரபு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒரு குறிப்பிட்ட குடியிருப்பாளரின் பெயரைக் கேட்டாலே நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது? ஒருவருக்கு மட்டும் ஏன் விதியைத் தாண்டி உதவத் துடிக்கிறோம்? இதையெல்லாம் பேச வேறு இடம் இருக்காது. வீடுகளை இடிக்கும் செய்தியை நாற்பது குடும்பங்களிடம் போய்ச் சொன்ன ஒருவர் மாலையில் அதை எங்கே இறக்கி வைப்பார்?

இதன் குறை, யாரும் எதையும் நேரில் பார்க்கவில்லை என்பது. ஒவ்வொருவரும் தன் பக்கக் கதையோடு வருகிறார்கள். நான் இருந்த ஒரு குழுவில், சக பணியாளர் ஒருவர் மாதாமாதம் ஒரே குடியிருப்புச் சங்கத் தலைவரைப் பற்றிச் சொல்லுவார். நாங்களும் அவருக்காக வருந்துவோம். பிறகு ஒரு நாள் அவரோடு அந்தக் கூட்டத்துக்குப் போனபோதுதான், அந்தத் தலைவர் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. மாதக்கணக்கில் பேசியும் வெளிவராத ஒன்று, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் வெளிவந்தது. அதிலிருந்துதான் சக குழுவைத் தனியாக நம்பக் கூடாது, கூட வரும் ஆளோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்தேன்.

நடித்துப் பார்ப்பது பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்காக அதை ஒதுக்கிவிடுவது தவறு. பிரேசிலைச் சேர்ந்த அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த மன்ற அரங்கு என்ற நாடக முறையில் ஒரு காட்சி மோசமாக முடியும்படி நடிக்கப்படும். மறுபடி நடிக்கும்போது பார்வையாளர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி மேடைக்கு வந்து, தான் வேறு மாதிரி செய்து பார்க்கலாம். "இல்லை, அந்தப் பணம் கிடைக்காது" என்று ஒரு கூட்டத்தில் நேர்மையாகச் சொல்வதைப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உண்மையான கூட்டத்தில் அதைத் தப்பாகச் சொன்னால் வருடங்கள் போகும். இங்கே ஐந்து நிமிடத்தில் மறுபடி செய்யலாம். பெரிய கூட்டம் ஒன்று நெருங்கும்போது இதைப் பயன்படுத்துங்கள், வருடம் முழுவதற்கும் தேவைப்படாது.

குடியிருப்பவர்களே பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வழியும் இருக்கிறது. "நீங்கள் எழுந்து நின்று பேசும்போது நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், அதுவே எங்களுக்கு உறுத்துகிறது" என்பதை எந்தப் பயிற்றுநரும் சொல்ல மாட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் சொல்வார். ஆனால் இதைச் செய்வதானால், வெளிப் பயிற்றுநருக்குத் தரும் கூலியை அவர்களுக்கும் தர வேண்டும். பல வருடங்களாக யார் யாரோ வந்து கருத்துக் கேட்டுப் போன பகுதிகளில் மக்கள் களைத்திருப்பார்கள். அவர்கள் பட்ட துன்பத்தைத் திரும்பச் சொல்லவைத்து நம் ஆட்களுக்குப் பாடம் நடத்தினால், அதுவும் ஒரு சுரண்டல்தான். முந்தைய கூட்டத்தில் நாங்கள் நடந்துகொண்டதில் எது சரி, எது தப்பு என்ற அளவுக்குள் கேள்வியை வைத்துக்கொண்டால் போதும்.

பயிற்சிப் பட்டியலில் வராத ஒன்றையும் ஒப்பீட்டில் சேர்க்கிறேன். ஆளை மாற்றுவதற்கு முன் கூட்டத்தின் அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். டோனி கிப்சன் 1970-களில் பிரிட்டனில் உருவாக்கிய முறையில், பகுதியின் மாதிரி வடிவம் ஒன்றை நடுவில் வைத்துவிடுவார்கள். மக்கள் சுற்றி நின்று, எங்கே என்ன வேண்டும் என்பதை அட்டைகளாக அதன் மீது வைப்பார்கள். எல்லார் கண்ணும் மாதிரியின் மேல் இருப்பதால் முகத்துக்கு முகம் மோதல் குறைகிறது. கூட்டத்தில் எழுந்து பேசவே பேசாதவர் சத்தமில்லாமல் ஓர் அட்டையை வைத்துவிட்டுப் போகிறார். மேடை, ஒலிபெருக்கி, வரிசை நாற்காலி என்ற அமைப்பில் மிகத் திறமையான பணியாளரும் தோற்பார். மாதிரியைச் சுற்றி நிற்கும் அமைப்பில் சுமாரானவரும் ஓரளவு தப்பிப்பார். உங்கள் குழுவின் பிரச்சினை கூட்டங்களில் மட்டும் தெரிகிறது, தனித்தனியாகப் பேசும்போது இல்லை என்றால், முதல் பணத்தை இதில் போடுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? குழு புதிது, ஒருவரை ஒருவர் அறியாது என்றால் ஒரு பயிலரங்கு வையுங்கள், ஆனால் அதை வருடத்தின் தொடக்கமாக வையுங்கள்; அது முடிந்த இரண்டு வாரத்துக்குள் முதல் களப் பயணம் நடந்துவிட வேண்டும். ஆட்கள் அடிக்கடி விலகிப் போகும் குழு என்றால் சக குழுதான் முதலில். மனம் சோர்ந்து போகிறவர்களைப் பிடித்து நிறுத்த அதற்குத்தான் வலு இருக்கிறது, திறன் அப்புறம் வளரும். ஆறு மாதத்துக்குள் இடிப்பு அறிவிப்போ இடமாற்ற அறிவிப்போ வரப்போகிறது என்றால் நடித்துப் பார்ப்பதையும் கூட வரும் ஆளையும் எடுங்கள். மற்றதைத் தள்ளிப் போடலாம். மூத்தவர்களே இல்லாத சின்னக் குழு என்றால், அதே வேலை செய்யும் பக்கத்துக் குழு ஒன்றோடு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வரட்டும், நீங்கள் அவர்கள் கூட்டத்துக்குப் போங்கள். பதவி உயர்வை முடிவு செய்பவர் பார்வையாளராக வரும் சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

இவை எதுவும் இல்லாத சாதாரண நிலைமை என்றால், என் கையில் இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் களத்தில் கூடப் போவதற்கு ஒதுக்குவேன். மாதம் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் சக குழு. பயிலரங்கு ஒரு நாள் போதும், இரண்டு வேண்டாம். மிச்சமாகும் அந்த ஒரு நாள் பணத்தைக் குடியிருப்பவர்களில் மூன்று நான்கு பேருக்குக் கூலியாகக் கொடுத்து, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எங்களை மதிப்பிடச் சொல்வேன். அவர்களிடம் கேட்கும் கேள்விகளும் சின்னவை: போன தடவை நீங்கள் சொன்னது இந்தத் தடவை எங்களுக்கு நினைவிருந்ததா? முடியாது என்பதை முடியாது என்றே சொன்னோமா? எங்களோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போனபின், பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியதா?

முதல் களப் பயணத்தில் பின்வரிசையில் குறிப்பேட்டோடு மற்றவர்கள் உட்காரட்டும். முன்னால் நின்று பேச வேண்டியது குழுவுக்குப் பொறுப்பான நீங்கள்.